தேங்காய் எழுதாத நோட்டு

என் உடம்பைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. இரண்டாயிரத்துப் பதினொன்றில் நான் நூற்றுநாலு கிலோ. உயரம் ஐந்தடி ஆறங்குலம். சட்டையில் தொப்புளுக்கு நேராக வரும் பொத்தான் மாதத்துக்கு ஒருமுறை தெறித்துவிடும். அதை மட்டும் அம்மா நூலை நாலாக மடித்துத் தைத்துத் தருவாள். பஸ்ஸில் இரண்டு பேர் இருக்கையில் நான் உட்கார்ந்தால், நிற்கிறவர்கள் நின்றுகொண்டேதான் வருவார்கள். வயது முப்பத்துநாலு. பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும் காப்பி தந்து, வழியனுப்பி, பிறகு ஆள் விட்டு வேண்டாம் என்றார்கள். இதிலெல்லாம் எனக்கு வெட்கம் இருந்தது, எரிச்சல் இருந்தது. அருவருப்பு இல்லை. அது வேறு காரணத்துக்காகப் பிறகு வந்தது. வந்தது போகவே இல்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மா, நான், எனக்கு நாலு வயது இளைய தங்கை. அப்பா இறந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. அருமனையிலிருந்து உள்ளே போகும் சாலையில் ஒரு ஓட்டு வீடு, பின்னால் கொஞ்சம் ரப்பர், கிணற்றைச் சுற்றிப் பன்னிரண்டு தென்னை. தங்கை தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். அந்த வருஷம் அவள் கால் வீங்கியது, முகம் ஊதியது, சோறு கண்டால் ஓங்கரித்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். வேலையை விட்டாள். வாரம் இரண்டு நாள் நாகர்கோவிலில் டயாலிசிஸ். வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, காய்கறிச் சந்தை நெரிசலைக் கடந்து, அவளை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் விடுவது அம்மாவின் வேலை.

மாற்றுக் கிட்னி வைக்க மதுரைக்குப் போனோம். அம்மாவுக்கும் எனக்கும் தங்கையின் ரத்த வகைதான். அம்மாவுக்கு அறுபது வயது, லேசாகப் பிரஷர். டாக்டர் என்னைத்தான் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை, சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“இந்த எடையில உங்களை மேஜையில படுக்க வைக்க மாட்டேன். எண்பத்தஞ்சுக்கு இறங்கி வாங்க. ஒரு வருஷத்துக்குள்ள செஞ்சா உங்க தங்கச்சிக்கு நல்லது. அதுக்கு மேல அவங்க உடம்பு தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது.”

பிறகு அம்மாவையும் தங்கையையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். “சொந்த விருப்பத்துலதானே தர்றீங்க? யாராவது கட்டாயப்படுத்துறாங்களா? வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க. உங்க உடம்புக்குச் சரிவராதுன்னு வீட்டுல நானே சொல்லிடறேன்” என்றார்.

“என் தங்கச்சி சார்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்த மூன்று சொல்லும் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஊர் திரும்பிய பிறகு இரண்டு பேரிடமாவது, டாக்டர் இப்படிக் கேட்டார், நான் இப்படிச் சொன்னேன் என்று சொல்லிக் காட்டினேன். இப்போது நினைத்தால் நாக்கை இழுத்து வைத்து அறுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

டாக்டர் அறைக்கு வெளியே ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தம்பிக்குக் கிட்னி கொடுத்து மூன்று மாதம் ஆனவர். நானும் கொடுக்கப்போகிறேன் என்று தெரிந்ததும் உற்சாகமாகிச் சட்டையைத் தூக்கிக் காட்டினார். முதுகுப்பக்கத்திலிருந்து தொடங்கி விலாவைச் சுற்றி முன்வயிறு வரை ஒரு தழும்பு, ஊதா நிறத்தில், தடித்துப்போய். “ஒரு விலா எலும்பையும் கொஞ்சம் வெட்டித்தான் எடுத்தாங்க. இப்ப ஒண்ணுமில்ல, தொட்டுப் பாருங்க” என்று சிரித்தார். தொட்டுப் பார்த்தேன். நேரே கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். தங்கையிடம் பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

அன்றைக்கே உணவு நிபுணரிடமும் அனுப்பினார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், படித்து முடித்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. அவள் மேஜையில் பிளாஸ்டிக் இட்லி, பிளாஸ்டிக் தோசை, பிளாஸ்டிக் வாழைப்பழம், எல்லாவற்றின் மேலும் தூசி. ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு கலோரி என்று எழுதித் தந்தாள். எண்ணெய் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, கடையில் என்ன தின்பீர்கள் என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னேன். பரோட்டாவையும் பழம்பொரியையும் சிவப்பு மையால் அடித்தாள். கடைசியில் நாலு பக்கம் அச்சடித்த சார்ட் ஒன்றைக் கொடுத்து, “குழம்பு, கூட்டு, பொரியல் எல்லாம் இதுல கப் கணக்குல இருக்கு சார். என்ன சாப்பிட்டாலும் இதைப் பார்த்து எழுதிடுங்க” என்றாள்.

அவள் ஊரில் மீன்குழம்பு என்றால் புளி, சின்ன வெங்காயம், தக்காளி. எங்கள் ஊரில் தேங்காய் அரைக்காமல் மீன்குழம்பு வைத்தால் வீட்டில் யாருக்கோ சுகமில்லை என்று அர்த்தம். அவியலுக்குத் தேங்காய், துவரனுக்குத் தேங்காய், தீயலுக்கு வறுத்த தேங்காய், புட்டுக்கு இடையிடையே தேங்காய், கிழங்கு மசித்தால் அதன் தலையிலும் தேங்காய். அவள் தேங்காயைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அன்றைக்கு. உப்பு எழுதுவோமா, தண்ணீர் எழுதுவோமா? தென்னையிலிருந்து விழுவதை எடுத்து உடைக்கிறோம். காசு கொடுத்து வாங்காத பொருள் சாப்பாட்டில் சேர்த்தி என்று எங்கள் பக்கத்தில் யாரும் நினைப்பதில்லை. இதுவரைக்கும் அது வெறும் முட்டாள்தனம். முட்டாள்தனத்துக்கு யாரும் யாரையும் தூக்கில் போடுவதில்லை.

என் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் ரப்பர் பால் எடுக்கும் டிப்போவில் கிளார்க். தோட்டக்காரர்கள் கேன்களில் பால் கொண்டுவருவார்கள். பாலில் தண்ணீர் கலப்பார்கள். அதைக் கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். கண்ணாடிக் குழாய் ஒன்றை மிதக்கவிட்டால் மேலோட்டமாகத் தெரியும். பிறகு கொஞ்சம் பாலை எடுத்து, ஆசிட் விட்டுத் திரியவைத்து, அடையாக அழுத்தி, காயவைத்து எடை போட்டால் உள்ளே எவ்வளவு ரப்பர் என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். எந்தக் கணக்குப் போட்டாலும் பக்கத்தில் தேதி எழுதுவேன், அது கைப்பழக்கம். என்னை ஏமாற்றிவிட்டுப் போனவன் ஒருவனும் இல்லை என்று முதலாளியே சொல்வார். அந்தத் திமிரோடுதான் கலோரி நோட்டையும் தொடங்கினேன். நீள நோட்டு, கோடு போட்டு, காலை, மத்தியானம், மாலை, இரவு என்று நாலு கட்டம். சமையல் தராசு ஒன்று வாங்கினேன். சோற்றை நிறுத்தேன், மீன் துண்டை நிறுத்தேன், ஆறு மட்டி வாழைப்பழத்தை உரித்து நிறுத்து ஒன்றைத் தின்றுவிட்டு ஐந்தை அம்மாவிடம் கொடுத்தேன்.

டிவி மேல் இரண்டு நோட்டுகள் இருக்கும். ஒன்று என்னுடையது. இன்னொன்று தங்கையின் தண்ணீர் நோட்டு. ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி, காப்பி, கஞ்சி, மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்து. தாகம் தாங்காமல் ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டால் அதற்கும் பதினைந்து என்று எழுதுவாள். ஒருமுறை பல் தேய்க்கும்போது தெரியாமல் ஒரு வாய் உள்ளே போய்விட்டது என்று இருபது எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தாள். அவளுடைய கையெழுத்து, கரும்பலகையில் எழுதுகிற மாதிரி உருண்டை உருண்டையாக இருக்கும்.

அவளுக்குத் தேங்காய் ஆகாது, இளநீர் ஆகாது, பழம் ஆகாது. காய்கறியை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்கவேண்டும். அம்மா இரண்டு சட்டியில் சமைத்தாள். சின்னச் சட்டியில் தங்கைக்கு வெளுத்துப்போன ஒரு கறி. பெரிய சட்டியில் எனக்கும் அம்மாவுக்கும். முப்பத்தைந்து வருஷமாக நாளுக்கு ஒரு தேங்காய் உடைத்த கை அம்மாவுடையது. தின்ன ஆள் குறைந்ததென்று அந்தக் கை குறைக்கவில்லை. அம்மா கோழிபோலக் கொத்தித் தின்கிறவள். மிச்சம் எங்கே போயிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

முதல் மாதம் மூன்று கிலோ குறைந்தது, கடைத் தீனியை விட்டதால். அதற்குப் பிறகு முள் நூற்றொன்றில் நின்றது. இரண்டாம் மாதம் நூற்றொன்று. மூன்றாம் மாதம் நூறு. மறுபடியும் நூற்றொன்று. உணவு நிபுணர்ப் பெண் என் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, “இவ்வளவு ஒழுங்கா யாருமே எழுத மாட்டாங்க சார்” என்றாள். தைராய்டு பார்த்தார்கள், இன்னும் என்னென்னவோ பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. சிலருக்கு உடம்பு வாகு அப்படி என்றாள். எனக்காக அவள் கண்ணில் இரக்கம் தெரிந்தது.

ஊரில் அதைவிட மோசம். தங்கையைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் அவளைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து தோளைத் தடவுவார்கள். சித்தி ஒருத்தி, “கூடப்பெறந்தவளுக்கு வேண்டி இவன் சோறு தண்ணி இல்லாம கெடக்கான் பாத்தியா, இப்பிடி ஒரு அண்ணன் யாருக்குக் கிட்டும்?” என்று மூக்கைச் சிந்தினாள். தங்கை அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தாள், நாக்கு வறண்டுபோய். சித்தி கிளம்பின பிறகு நான் தட்டில் அவியலை அள்ளி வைத்துக்கொண்டு, அவியல் ஒரு கப் என்று எழுதினேன்.

நாலாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகிக்கொண்டாள். கட்டுப் போட்ட கையோடு அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள்.

“மக்கா, இந்தத் தேங்கா ஒண்ணு திருவித் தந்தியானா, மிச்சம் நான் பாத்துக்கிடுவேன்.”

என் வாழ்நாளில் அதுவரை நான் தேங்காய் துருவியதில்லை. நாலு இழுப்பிலேயே மூச்சு வாங்கியது. துருவத் துருவ வந்துகொண்டே இருந்தது. தாம்பாளத்தில் குவிந்து கிடந்ததைப் பார்த்து, இவ்வளவா என்று தோன்றியது. தராசு பக்கத்தில் இருந்தது. எதைக் கண்டாலும் நிறுக்கும் புத்தி எனக்கு வந்திருந்த காலம். நிறுத்தேன். முந்நூற்றுத் தொண்ணூறு கிராம்.

சார்ட்டின் கடைசிப் பக்கத்தில், பிற பொருட்கள் என்று சின்ன எழுத்தில் ஒரு பட்டியல். அதுவரை அந்தப் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. தேங்காய், நூறு கிராம், முந்நூற்றைம்பது. காதில் இருந்த பென்சிலை எடுத்து ஓரத்தில் பெருக்கினேன். ஏறக்குறைய ஆயிரத்து நானூறு. ஒரு நாள் முழுவதும் நான் தின்னலாம் என்று எழுதித் தந்த அளவு அந்த ஒரு தாம்பாளத்தில் இருந்தது. அதில் முக்கால்வாசி தினமும் என் வயிற்றுக்குப் போயிருக்கிறது.

இந்த இடத்தில்தான் நான் நிறுத்தி நிறுத்தி எழுதவேண்டியிருக்கிறது. தெரிந்ததும் எனக்கு அதிர்ச்சி வந்திருக்கவேண்டும். ஐயோ நாலு மாதம் போயிற்றே என்று அலறியிருக்கவேண்டும். எனக்கு என்ன வந்தது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. இடுப்பில் இறுக்கிக் கட்டிய கயிற்றை யாரோ அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. இந்தத் தேங்காய் உள்ளே போய்க்கொண்டிருக்கும் வரைக்கும் நான் எண்பத்தைந்துக்கு இறங்கப்போவதில்லை. இறங்காதவரைக்கும் எவனும் என் விலாவில் கத்தி வைக்க முடியாது. நோட்டும் சுத்தமாக இருக்கும், பெயரும் கெடாது.

அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று மத்தியானமே நிறுத்தியிருப்பாள். மகளுக்காக என்றால் பின்வாசல் தென்னை பன்னிரண்டையும் வெட்டிச் சாய்க்கச் சொல்லியிருப்பாள். துருவலை அம்மியோரம் கொண்டுபோய் வைத்தேன். சாப்பிட்டேன். மீன்குழம்பு ஒரு கப், துவரன் அரை கப் என்று எழுதினேன்.

அதன் பிறகு மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் நான் வாயைக் கட்டவில்லை, சார்ட்டை மட்டும் கட்டிக்கொண்டு அழுதேன். வெண்டைக்காய்த் தீயல் வைத்து எத்தனை நாள் ஆயிற்று அம்மா என்று கேட்டு வாங்கித் தின்றேன். தின்னும்போதே என் மேல் எனக்கு அருவருப்பு வரும். மென்றுகொண்டிருப்பதைத் துப்பிவிடலாம் என்று தோன்றும். துப்பமாட்டேன். அருவருப்போடு தின்றாலும் தேங்காய் ருசியாகத்தான் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு நாள் டிப்போவில் ஒருவர் தண்ணீர் கலந்த பால் கொண்டுவந்தார். “வெள்ளத்தக் கொண்டாந்து பாலுன்னு தலையில கெட்டப் பாக்கியா? என்ன என்னன்னு நெனச்சே?” என்று எல்லாரும் பார்க்கக் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேனைத் தூக்கிக்கொண்டு போனார். மற்ற நாட்களில் இவ்வளவு சத்தம் போடமாட்டேன். மத்தியானம் வீட்டுக்குப் போய்த் தேங்காய் அரைத்த புளிசேரி விட்டுச் சாப்பிட்டேன்.

ஏழாவது மாதம் ஒரு திங்கட்கிழமை காலை தங்கைக்கு மூச்சு முட்டியது. படுக்க முடியவில்லை. உட்கார்ந்து, முன்னால் குனிந்து, வாயைத் திறந்து இழுத்தாள். நுரையீரலில் நீர் ஏறிவிட்டது. வாடகை ஜீப் பிடித்து நாகர்கோவிலுக்கு ஓடினோம். பின்சீட்டில் அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். அவள் எடை எனக்குத் தெரியவே இல்லை, ஒரு துணி மூட்டைகூட அதைவிடக் கனக்கும். நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். மதுரை டாக்டரிடம் போனில் பேசினேன். “இனிமே தள்ள முடியாது. உங்க எடை என்ன?” என்றார். நூறு என்றேன். “அடுத்த வாரம் மூணு பேரும் வாங்க” என்றார்.

வீட்டுக்கு அவளைக் கூட்டிவந்த மறுநாள். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது, தங்கை முன்னறைக் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் என் நோட்டு. கையில் சிவப்புப் பேனா, டீச்சருக்கு எதை வாசித்தாலும் அது கையில் வேண்டும். ஒரு பக்கத்திலும் அவள் கோடு கிழிக்கவில்லை.

“அண்ணா, தேங்கா எங்க?” என்றாள்.

“எந்தத் தேங்கா?”

“ஏழு மாசத்தயும் வாசிச்சாச்சு. தேங்கா ஒரு எடத்துலயும் இல்ல.”

“அது கொழம்புலயே சேத்துதான் போட்டிருக்கும், சார்ட்டுல” என்றேன். நாக்கு அதுபாட்டுக்குப் பேசியது.

அவள் சார்ட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். ஓரத்தில் பென்சில் பெருக்கல். முந்நூற்றுத் தொண்ணூறு, அதன் கீழே மற்றதெல்லாம், விடைக்கு அடியில் இரண்டு கோடு. பக்கத்தில் தேதி. மூன்று மாதத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை.

“இது ஒனக்க எழுத்துதானே?”

அவள் அவசரப்படவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு பைய பையப் பேசினாள்.

“அம்மை தேங்கா திருவும்போ மணம் இஞ்ச வரைக்கும் வரும். எனக்கு வாயில வெள்ளம் ஊறும். அந்த ஊறுத வெள்ளத்தையும் நோட்டுல எழுதணுமான்னு நான் நர்ஸுகிட்ட கேட்டிருக்கேன், தெரியுமா? அவ சிரிச்சா.” கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். “பேடியா இருக்கா அண்ணா?”

பேடி என்றால் எங்கள் பக்கத்தில் பயம். ஆமாம் என்று ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் நான் இன்றைக்கு மனிதனாக இருந்திருப்பேன். அவள் அதைத்தான் கேட்டாள், பிச்சை போடுவதுபோல எனக்கு அதைப் போட்டாள். நான் சொன்னது, “இல்ல, மறந்துபோச்சு.”

அப்போது அவள் முகம் மாறியது. கோபமாக இருந்தால் தாங்கியிருப்பேன். சோற்றில் கிடந்த புழுவை விரலால் தள்ளும்போது முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அந்த முகத்தை அதற்கு முன்னால் நான் அவளிடம் பார்த்ததில்லை. நோட்டை மூடினாள். எழுந்து, பிடித்துப் பிடித்து நடந்துபோய், டிவி மேல் தன் நோட்டுக்குப் பக்கத்தில் விளிம்பு சேர்த்து வைத்தாள்.

“பேடின்னு சொல்லியிருந்தா நான் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேன். யாருக்கும் இருக்கும்” என்றாள். கட்டிலில் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் மதுரையில் அவள் டாக்டரைத் தனியாகப் பார்க்கவேண்டும் என்றாள். கால்மணி நேரம் உள்ளே இருந்தாள். வெளியே வந்து அம்மாவிடம், “அண்ணனுக்க ரத்தத்துல சுகர் தொடங்கியிருக்காம். அவனுக்கத எடுக்க மாட்டாவளாம். ஒனக்கத பாக்கலாம்னு சொன்னாரு” என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு சுகரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அம்மாவின் முகம் மலர்ந்ததைச் சொல்லவேண்டும். பரீட்சையில் பாஸானவள்போல, “நான் மொதல்லயே சொன்னேன் இல்லியா, என்னத எடுங்கன்னு” என்றாள்.

எனக்கு சுகர் என்ற செய்தி ஊருக்கு எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. கொடுக்க மனசிருந்தும் விதியில்லை பாவம் என்றார்கள். சித்தி ஒரு பாட்டிலில் ஏதோ கஷாயம் காய்ச்சிக்கொண்டு வந்து, கண் முன்னாலேயே குடிக்கச் சொன்னாள். குடித்தேன். பல்லெல்லாம் கசந்தது. என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத நோய்க்கு மருந்து குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் தங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு முயற்சி செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தேங்காயை அடியோடு நிறுத்தினேன். பத்து நாளில் இரண்டரை கிலோ இறங்கியது. எவ்வளவு சுலபமாக இறங்கியது என்று பார்த்தபோது உடம்பெல்லாம் கூசியது. தங்கையிடம் போய், “நாலு மாசம் தா, நான் கொறச்சுக் காட்டுதேன்” என்றேன். அவள் தலையணை உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மைக்கு டெஸ்ட் எல்லாம் முடிஞ்சு. தேதியும் தந்தாச்சு” என்றாள். “நீ சாப்பிடு அண்ணா.”

இன்றைக்கு அவள் நன்றாக இருக்கிறாள். மறுபடியும் பள்ளிக்குப் போகிறாள். அம்மாவும் இருக்கிறாள், பிரஷர் மாத்திரை ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவே. தங்கை எனக்குப் பரிமாறுவாள், கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்பாள், சளி பிடித்தால் ஆவி பிடிக்கச் சொல்வாள். அந்த மத்தியானத்தைப் பற்றி அவள் என்னிடமும் பேசவில்லை, வேறு யாரிடமும் பேசவில்லை. அவள் சொல்லிவிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அதையும் அவளே செய்யவேண்டும் என்று எதிர்பார்க்கிற ஆள் நான்.

ஆபரேஷன் அன்று காலை ஏழரைக்கு முதலில் அம்மாவைத்தான் கொண்டுபோனார்கள். தள்ளுவண்டியில் பச்சைத் துணி போர்த்தி, தலைமுடியை ஒரு தொப்பிக்குள் திணித்திருந்தார்கள். நாற்பத்தாறு கிலோ. துணிக்கு அடியில் ஆள் இருப்பதே தெரியவில்லை. தியேட்டர் கதவுக்கு முன்னால் அம்மா கையை வெளியே நீட்டி என் கையைப் பிடித்தாள். ஊசி போட்டிருந்த கை, சில்லென்று இருந்தது.

“குடுக்க முடியலியேன்னு நீ வெப்ராளப்படாத மக்கா” என்றாள். “இத்தன மாசம் அவளுக்கு வேண்டி வயிறு காஞ்சு கெடந்தியே, அது போதும். பாத்துப் பாத்து எனக்க நெஞ்சு வெந்துபோச்சு. இனி நீ வயிறு நெறையத் தின்னணும், கேட்டியா?”

நான் தலையை ஆட்டினேன். அது போதவில்லை அவளுக்கு. சொல்லு என்றாள். வண்டி தள்ளுகிறவர் காத்துக்கொண்டு நின்றார். நான் சொல்லும் வரைக்கும் அம்மா கையை விடவில்லை.

“சரி அம்மா” என்றேன்.

பன்னிரண்டரை மணிக்கு, இரண்டு பேரும் இன்னும் உள்ளே இருக்கும்போதே, கீழே கேன்டீனுக்குப் போனேன். இலை போட்டுச் சாப்பாடு வைத்தார்கள். சாம்பார் நன்றாக இருந்தது. இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கினேன்.